பிடித்தம் போக மீதி

ஓசூரில் ஷிப்ட் முடிந்து தேன்கனிக்கோட்டைக்குத் திரும்பும் இளம் தம்பதிகளின் வீடுகளில் அடிக்கடி எழும் பேச்சு, பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி.

"கம்பெனி மாறப்போறேன். அந்தக் காசை எடுத்தா பைக் டியூ முடிஞ்சிடும்" என்பான் அவன். "வேணாங்க, நாளைக்குப் புள்ளைக்கு ஆகும்" என்பாள் அவள். சில வீடுகளில் இது அப்படியே தலைகீழ்.

பி.எஃப்-க்காக அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12% பிடிக்கிறார்கள். நிறுவனமும் அதே அளவு போடுகிறது. அதில் ஒரு பங்கு ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். 10 ஆண்டுப் பணி சேர்ந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. வேலை மாறும்போதெல்லாம் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த 10 ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் தொடரும். ஓராண்டு இங்கே, ஆறு மாதம் அங்கே என்று காண்ட்ராக்டில் ஓடுபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அதற்காக இன்றைக்குக் கேட்பவரை ஊதாரி என்பது அநியாயம். வாடகையும் தவணையும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

சண்டைக்கு முன் இருவரும் சேர்ந்து செல்போனில் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கலாம். மருத்துவம், வீடு, திருமணம் போன்ற தேவைகளுக்கு ஒரு பகுதியை மட்டும் எடுக்கவும் விதிகளில் இடமிருக்கிறது.