வாசலில் கேட்கப்படும் கேள்வி

போன வருஷம் டர்பன் நகரில் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவுக்குப் போக நமக்கு விசா வேண்டும். அதற்குக் கேட்கிற காகிதங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 30 நாள் செல்லுபடியாகிற பாஸ்போர்ட். அதில் முத்திரை குத்த வெற்றுப் பக்கம். திரும்பி வர டிக்கெட். எதற்காக வருகிறாய், எத்தனை நாள் இருப்பாய் என்பதற்கு எழுத்து மூலமான சான்று. மஞ்சள் காய்ச்சல் பரவுகிற நாடுகள் வழியாகப் போனால் தடுப்பூசிச் சான்றிதழ். கடைசியாக, கையில் போதுமான பணம் இருக்கிறது என்று காட்ட மூன்று மாத வங்கிக் கணக்கு.

என் கணக்கில் அன்றைக்கு இருந்தது 6,340 ரூபாய்.

விசா மனு எழுதிக் கொடுக்கிறவர் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தார். "யார்கிட்டயாவது ரெண்டு லட்சம் வாங்கிக் கணக்குல போட்டு வைங்க சார். விசா வந்ததும் திருப்பிக் குடுத்துடலாம். எல்லாரும் பண்றதுதான்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "காசு இல்லன்னா ஊருக்குள்ள உடமாட்டாங்களாமா?"

இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டுவது பொய்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மாவின் கேள்வி அந்தப் பொய்யைத் தாண்டிப் போகிறது. ஒரு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவனை 'நீ யார், உன்னிடம் என்ன இருக்கிறது, எப்போது போவாய்' என்று கேட்கிற உரிமை எங்கிருந்து வருகிறது? அப்படிக் கேட்கப்படுகிற எல்லாக் கேள்விக்கும் உண்மையைச் சொல்ல நாம் கடமைப்பட்டவர்களா? இதை யோசிக்கத் தென்னாப்பிரிக்காவைவிடப் பொருத்தமான நாடு கிடைக்காது. வாசல் கேள்விகளின் மொத்த வரலாறும் அந்த ஒரு மண்ணில் கிடக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையிலிருந்து 342 பேரைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு போன கப்பல். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களிடம் யாரும் வங்கிக் கணக்கு கேட்கவில்லை. கையில் காசில்லாதவன்தான் தேவைப்பட்டான். அவர்களைக் கேட்ட கேள்விகள் வேறு. கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், தாலுகா. அவற்றோடு சாதி என்று ஒரு கட்டம். கடல் தாண்டிப் போகிற கூலிக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பித்தான் அனுப்பினார்கள். 'பறையர்' என்ற சொல் அந்தப் பட்டியல்களில் எத்தனையோ பேருக்கு நேரே எழுதப்பட்டிருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே இருக்க நினைத்தவர்களுக்கு 1895-ல் ஒரு சட்டம் வந்தது. மறுபடியும் கூலியாக ஒப்பந்தம் போடு, இல்லை ஊருக்குத் திரும்பு, இரண்டும் மாட்டேன் என்றால் வருஷத்துக்கு 3 பவுண்டு கட்டு. ஒப்பந்தத்தின் முதல் வருஷத்தில் மாதக் கூலி 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். அதாவது ஆறு மாதக் கூலி. இருப்பதற்கு அனுமதி வேண்டுமானால் காசு காட்டு என்பது இன்றைக்கு முளைத்த விஷயமல்ல.

அடுத்து 1897. நேட்டால் அரசு குடியேற்றத் தடைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் இந்தியன் என்ற சொல்லோ கறுப்பன் என்ற சொல்லோ கிடையாது. உள்ளே வர விரும்புகிறவன் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் தன் மனுவைத் தானே எழுத வேண்டும். அவ்வளவுதான். எல்லாருக்கும் பொதுவான கேள்விதானே என்று தோன்றும். யார் தேற மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே வைத்த தேர்வு அது. லண்டனில் காலனிகள் இலாகாவைப் பார்த்துக்கொண்டிருந்த சேம்பர்லின் இந்த வழியை மற்றக் காலனிகளுக்கும் சிபாரிசு செய்தார். 1901-ல் ஆஸ்திரேலியா இதையே எடுத்துக்கொண்டது. கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வருகிறவனுக்குத்தான் இந்தத் தடை. ஒப்பந்தக் கூலியாகக் கைநாட்டு வைத்தவனுக்குக் கதவு அப்போதும் திறந்தே இருந்தது. சுதந்திரமாக வருகிறவனைத்தான் வாசல் பயந்தது. அடிமையாக வருகிறவனுக்கு எழுத்து எதற்கு?

வெளியே இருந்து வருகிறவர்களின் கதை இது. அந்த மண்ணின் சொந்தக்காரர்களுக்கு என்ன நடந்தது? அவர்களுக்கு வாசல் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டது. 1952-ல் நிறவெறி அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'பாஸ் ஒழிப்பு' என்று இருந்தது. அந்தச் சட்டம் செய்த வேலை, 16 வயது தாண்டிய ஒவ்வொரு ஆப்பிரிக்கரும் ஒரு தடித்த புத்தகத்தைச் சுமந்து திரிய வேண்டும் என்பதுதான். பிறகு அது பெண்களுக்கும் நீண்டது. அனுமதியில்லாமல் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் குற்றம். முதலாளி மாதா மாதம் அதில் கையெழுத்துப் போட வேண்டும். 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் இதை எதிர்த்துப் பிரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போனார்கள். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பாஸ் புத்தகம் இல்லாமல் கைதாகத் திரண்டு வந்த மக்கள்மேல் போலீஸ் சுட்டது. அரசு சொன்ன கணக்கிலேயே 69 பேர் செத்தார்கள். 1986-ல்தான் அந்தச் சட்டங்கள் போயின.

விசாவையும் பாஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஒன்று அடுத்தவன் வீட்டு வாசலில் கேட்பது, இன்னொன்று சொந்த வீட்டிலேயே கேட்பது என்றார். சரியான வேறுபாடு. ஆனால் அது எவ்வளவு நாள் நிற்கிறது?

2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பிற ஆப்பிரிக்க நாட்டவர்களை அடித்து விரட்டினார்கள். 62 பேர் கொல்லப்பட்டார்கள். கும்பல் தெருவில் மடக்கி, முழங்கையைக் காட்டி, இதற்கு ஜூலு மொழியில் என்ன சொல் என்று கேட்டது. சொல்லத் தெரியாதவன் அந்நியன். 1897-ல் வெள்ளைக்கார அரசு வைத்த தேர்வை, அதனால் நசுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தடியோடு நின்று நடத்தினார்கள். செத்தவர்களில் மூன்றில் ஒருவர் தென்னாப்பிரிக்கர்களே. சொந்த வீட்டுக்காரனே வாசலில் தோற்றுப் போனான். ஒடுக்கப்பட்டவன் கைக்கு வாசல் வந்துவிட்டால் கேள்வி தானாகவே நியாயமாகிவிடும் என்று நினைக்கிற தோழர்கள் இதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் வாசலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொல்வது சுலபம். அங்கே வேலை செய்கிறவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் சேர்த்து எண்ணினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. சொவேட்டோவில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவன் வாசலைப் பற்றிப் பேசினால் அவனை வெறியன் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல என்றுதான் நான் நினைக்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை எடுத்துக்கொள்வோம். நீ யார் வயிற்றில் பிறந்தாய் என்று அது கேட்பதில்லை. எந்த வழியாக வந்தாய் என்று கேட்கிறது. ஒரு ஊசி போட்டு, பத்து நாள் பொறுத்தால் பதில் கிடைத்துவிடும். கொசுவிடமிருந்து எல்லாரையும் காப்பாற்றுகிற கேள்வி. இதை நான் மனசாரச் சொல்வேன். இந்த நல்ல கேள்வியையும் கெடுக்க முடியும். 2012 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் 125 நைஜீரியர்களை ஊசிச் சான்றிதழ் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நைஜீரியாவும் பதிலுக்குத் தென்னாப்பிரிக்கர்களைத் திருப்பி அனுப்பியது. கடைசியில் தென்னாப்பிரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. கேள்வி நல்லதா என்று மட்டும் பார்த்தால் போதாது, யாரைத் தோற்கடிக்க அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

வங்கிக் கணக்கைக் கேட்பது இதில் எந்தப் பக்கம்? பிரிட்டிஷ், அமெரிக்க, ஜெர்மன் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 90 நாள் வரை அந்த நாட்டுக்குப் போக விசாவே வேண்டாம். நிறவெறியை எதிர்த்து உலகெங்கும் பேசிய நைஜீரியாவின் குடிமகனுக்கு வேண்டும். தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை 1946-லேயே நிறுத்திய இந்தியாவின் குடிமகனுக்கு வேண்டும். பணத்தைப் பற்றிய கேள்வியில் சாதி இல்லை, நிறம் இல்லை. 1897-ன் தேர்விலும் இருக்கவில்லை. சேரியில் பிறந்தவன் கணக்கில் ஏன் ஆறாயிரம் இருக்கிறது என்று அந்தக் கட்டம் கேட்காது. எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்கும்.

டர்பன் என்றால் நமக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை அங்கே ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. இந்தியாவிலிருந்து ஏராளமான தலித் இயக்கத்தவர் போனார்கள். சாதியை அந்த மாநாட்டில் பேசக் கூடாது, அது இனம் அல்ல, எங்கள் உள்விவகாரம் என்று இந்திய அரசு நின்றது. கடைசி அறிக்கையில் சாதி என்ற சொல் இல்லை. ஆட்களுக்கு விசா கிடைத்தது, அவர்கள் கொண்டுபோன சொல்லுக்குக் கிடைக்கவில்லை. கூலிகளின் கப்பலில் கட்டம் போட்டு ஏற்றி அனுப்பிய அதே சொல்!

நான் கடைசியில் ரெண்டு லட்சம் வாங்கவில்லை. பொய் பாவம் என்பதால் அல்ல. தோற்கவே வைக்கப்பட்ட கேள்விக்குக் கடன் வாங்கிப் பதில் சொல்கிறவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப் பதில் சொன்னால் அந்தக் கேள்வி நியாயம்தான் என்று நானும் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும் என்று பட்டது. அழைத்தவர்களே செலவை ஏற்பதாக உறுதி எழுதித் தரலாம் என்று விதியில் இடமிருந்தது. எழுதி அனுப்பினார்கள். ஆறாயிரம் காட்டுகிற கணக்கோடு அதையும் சேர்த்து வைத்தேன். அதிலும் உறுத்தல் இருக்கத்தான் செய்தது. எனக்காகப் பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் நான் ஆளாகிறேன். பாஸ் புத்தகத்தில் முதலாளி போட்ட கையெழுத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அன்போடு எழுதிய கடிதம் என்பது ஒரு வித்தியாசம். முழு வித்தியாசம் அல்ல.

விசா கிடைத்தது. போய்வந்தேன். அம்மா கேட்டாங்க, "அங்க எறங்கினதும் என்ன கேட்டாங்க?"

"எத்தன நாள் இருப்பேன்னு கேட்டாங்கம்மா."

"யாரு, எந்தத் தெருன்னு கேக்கலியா?"

"கேக்கல."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம ஊரு டீக்கடையவிடத் தேவல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். வாசல் கேள்விகளைத் தரம் பிரிக்க எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டது.