நல்லதையும் விடவேண்டுமா?

திராட்சைக்குப் பெயர்பெற்ற நாசிக்கில் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு கொடியைப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார் என்று கொள்வோம். குளிர்நாடுகளில் அக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கவாத்துச் செய்தால் போதும். நாசிக்கின் வெப்பத்தில் அது அவ்வாறு உறங்குவதில்லை. ஆகவே அங்கே ஏப்ரலில் ஒருமுறையும் அக்டோபர் வாக்கில் ஒருமுறையும் வெட்டுகிறார்கள். ஏப்ரல் வெட்டுக்குப்பின் துளிர்ப்பவற்றில் அப்போது கனி எதிர்பார்க்கப்படுவதில்லை. அவற்றின் மொட்டுகளுக்குள் அடுத்த விளைச்சலின் கரு உருவாகிறது. இலைகள் அடர்ந்து வெயிலை மறைத்தால் அக்கரு சரிவர அமையாது. எனவே மிகையான தளிர்கள் நீக்கப்படுகின்றன. அக்டோபருக்குப்பின் பிஞ்சு பிடித்ததும் சில குலைகளும், எஞ்சிய குலைகளில் பல பிஞ்சுகளும் அகற்றப்படுகின்றன.

அகற்றப்பட்டவற்றுள் பல நோயற்றவை. நல்ல தளிர்கள், நல்ல பிஞ்சுகள். இங்கேதான் கேள்வி எழுகிறது: தீயதை விடவேண்டும் என்பதை எவரும் ஏற்பர், நல்லதையும் விடவேண்டுமா?

கடோபநிஷதம் இன்பமானதையும் நன்மையானதையும் பிரித்துக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்றைத் தேர்வது கடினமாயினும் வழி தெளிவானது. இரண்டும் நன்மையாக இருக்கும்போதுதான் விவேகம் உண்மையில் சோதிக்கப்படுகிறது. காலையில் பாராயணம், மாலையில் சமூகப் பணி, இரவில் நூலாராய்ச்சி என்று வாழும் ஒருவருக்கு, படுக்கையில் கிடக்கும் தாயின் அருகே அமர நேரமில்லை. அவர் செய்வன எவையும் தீயவை அல்ல. ஆனால் ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழுகிறது.

நல்லதை வெட்டுவது இழப்பல்லவா? இழப்பே. விட்டது பயனற்றது என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது பொய்யாகும். தியாகத்தின் மதிப்பே விடப்பட்டதன் மதிப்பில் இருக்கிறது.

இந்த உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. கொடி வேறு, தோட்டக்காரர் வேறு. மனித வாழ்விலோ வெட்டுபவனும் வெட்டப்படுபவனும் ஒருவனே. மகனின் இசை ஆர்வத்தை மதிப்பெண்ணுக்காக வெட்டி எறியும் தந்தை திராட்சைக் கொடியைச் சான்று காட்டமுடியாது. பிறர்மீது கத்தி வைப்பது தியாகமன்று, அதிகாரம்.

பிப்ரவரியில் குலைகள் பழுத்துத் தொங்கும். உண்போர் இனிப்பை அறிவர். இல்லாமற்போன பிஞ்சுகளை அறிந்தவர், அவற்றைக் கிள்ளிய கைக்கு உரியவர் மட்டுமே.