பெட்டிக்குள் இருந்தவர்

இறந்துபோன ஒருவனை அறிந்துகொள்வது அவனுக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அவனால் மறுக்க முடியாது என்பதைப் பயன்படுத்திக்கொள்வதா? மனிதப் பரிணாமத்தை முதுகலை வகுப்பில் இரண்டு வருஷம் படித்தவன் நான். படிப்பு முடிந்து நாற்பது வருஷமாகியும் இந்தச் சந்தேகம் தீரவில்லை.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஆதி மனிதர்கள் எல்லோரும் பிளாஸ்டர். 1924ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த டாங் குழந்தை, 1959ல் ஓல்டுவாயில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோடு – எல்லாம் அச்சில் வார்த்து வண்ணம் பூசியவை. அசல்கள் தூரதேசங்களில் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான 'தற்கால மனிதன்' மட்டும் அசல். மரப்பெட்டியில் இருந்தார். மணிக்கட்டு எலும்புகளைத் துளைத்துக் கம்பியில் கோத்திருந்தார்கள். அறுக்கப்பட்ட மண்டை மூடியைப் போலத் திறக்கும். தாடைக்கு ஸ்பிரிங். நெற்றியில் கறுப்பு மசியில் ஒரு எண்.

வகுப்பில் அவரை 'இது' என்றோம். 1974ல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த எலும்புகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'அவள்' என்றோம். அவள் பெயர் லூசி. அந்த நாட்டவர் டிங்கினேஷ் என்கிறார்கள். முப்பது லட்சம் ஆண்டுகளைத் தாண்டி வந்தவளுக்கு உயர்திணை. நேற்றுவரை நம்மிடையே நடமாடியவருக்கு அஃறிணை. இந்த இலக்கணப் பிழை அப்போது எவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

ஒருநாள் ஷானிதார் குகையைப் பற்றிய வகுப்பு. ஈராக்கில் 1957ல் ரால்ஃப் சொலெக்கியின் குழு தோண்டியெடுத்த நியாண்டர்தால் மனிதன்: வலது கை சூம்பி, முழங்கைக்கு மேலேயே முடிந்துபோயிருக்கிறது. இடது கண்ணருகே எலும்பு நொறுங்கி ஆறியிருக்கிறது; அந்தக் கண்ணில் பார்வை இருந்திருக்காது. காயங்கள் எல்லாம் ஆறி, பல வருஷம் கழித்தே இறந்திருக்கிறான். ஆசிரியர் நல்ல மனிதர். "யாரோ இவனுக்குச் சோறு போட்டிருக்காங்க" என்றார். குரல் லேசாகத் தழுதழுத்தது. சூம்பிய கை எப்படி இருந்திருக்கும் என்று காட்ட, பெட்டியிலிருந்து ஒரு மேல்கை எலும்பை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தார். மனிதக் கருணையின் தொன்மை பற்றிய பாடம் அந்த எலும்பை வைத்துத்தான் நடந்தது.

அன்று மாலை பெட்டியை அடுக்கி வைக்கும் முறை என்னுடையது. முன்னங்கால் எலும்பின் கீழ்விளிம்பில், கணுக்காலோடு சேருமிடத்தில், வழுவழுப்பாக ஒரு சின்னத் தடம் இருந்தது. குந்தி உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு வரும் தடம் அது. பஞ்சாபிகளின் எலும்புகளில் ஹேவ்லக் சார்ல்ஸ் என்ற மருத்துவர் 1893லேயே இதை விவரித்திருக்கிறார். எனக்குத் தோன்றியது வேறு. என் பாட்டி அடுப்பின் முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். வயலில், கிணற்றடியில், ரேஷன் கடை வாசலில் குந்திக் காத்திருக்கும் எல்லோருக்கும் இந்தத் தடம் இருக்கும். பெட்டிக்குள் இருந்தவர் எங்கள் ஆள்.

எங்கிருந்து வந்தார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தாலும் பதில் கடினமல்ல. 1985ல் அரசு தடைசெய்யும்வரை, உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடு ஏற்றுமதி செய்த பிரதான தேசம் இது. கல்கத்தா அதன் சந்தை. கேட்பாரற்ற பிணங்கள், தோண்டப்பட்ட கல்லறைகள், விறகு வாங்க வழியில்லாமல் ஆற்றில் விடப்பட்டவர்கள். பசியோடு இருந்தவரை யாருக்கும் தேவைப்படாத உடம்பு, பிற்பாடு விலைக்குப் போயிற்று.

பின்னால் 1991ல் காதரின் டெட்வைலர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தேன். ஊனமுற்ற ஒருவன் உயிரோடிருந்தான் என்பதைத்தான் எலும்பு சொல்லும். பிறர் அவனை அன்போடு நடத்தினார்கள் என்று சொல்லாது என்பது அவர் வாதம். சரியான வாதம். ஆனால் அதே நியாயத்தை நான் பெட்டிக்கும் பொருத்தியாக வேண்டும். துளையும் கம்பியும் எங்கள் கல்நெஞ்சுக்குச் சாட்சியாகிவிடாது. நாங்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். எலும்பைக் கீழே போடாமல் பதனமாகத்தான் கையாண்டோம். கொடுமை எதுவும் இல்லாமலே இது நடந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

படிக்காமல் இருந்திருக்கலாமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தடத்தை அடையாளம் காண எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்தப் படிப்புதான். படிக்காதவனுக்கு அவர் வெறும் எலும்புக்கூடு. ஆக, அவரை 'இது' ஆக்கிய கல்விதான் 'அவர்' ஆக்கவும் செய்தது. ஒன்று மற்றதை ஈடுகட்டிவிட்டது என்று கணக்கை முடிக்க எனக்கு உரிமையில்லை. அந்தக் கணக்கில் அவர் கையெழுத்து இல்லை.

செய்முறைத் தேர்வில் துணிப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே, தொட்டு, இன்ன எலும்பு, இடதா வலதா என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். என் அப்பாவின் கையைக்கூட நான் அவ்வளவு தொட்டு அறிந்ததில்லை. அவர் இறந்த அன்று, காரியம் செய்ய அந்தக் கையைத் தூக்கியபோது, மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் என் விரல்களுக்குத் தாமாகவே தெரிந்தன, வரிசையாக.