மங்கல் கண்ணாடிக்குப் பக்கத்தில்

குளியலறை ஜன்னலில் போடும் மங்கல் கண்ணாடியின் ஒரு பக்கத்தை மணல் வீசியோ அமிலம் தடவியோ சொரசொரப்பாக்கியிருப்பார்கள். அதில் பட்ட ஒளி சிதறுகிறது. உள்ளே யாரோ இருப்பது தெரியும், யாரென்று தெரியாது. ஆனால் அவர் கண்ணாடியில் கையை வைத்தால் விரல்கள் தெளிவாகவே தெரிந்துவிடும். அந்த மறைப்பு, தூரத்தை நம்பி நிற்பது.

போட்டோஷாப்பில் இதைச் செய்வது சுலபம். படத்தை இன்னொரு லேயராக நகலெடுத்து, 'காசியன் ப்ளர்' போட்டு, கொஞ்சம் 'நாய்ஸ்' தூவி, வேண்டிய இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டால் போதும். அலங்காரத்துக்குச் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தையின் முகத்தின்மேல் செய்யும்போதுதான் கேள்வி வருகிறது.

'அதான் முகத்தை மறைச்சாச்சே, அப்புறம் என்ன?' என்கிறோம். 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் அப்படி நினைக்கவில்லை. அதன் 23ஆம் பிரிவு முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. மங்கிய முகத்துக்குக் கீழே சீருடையும் பின்னால் வீட்டு வாசலும் பளிச்சென்று இருந்தால், நாம் யாரிடமிருந்து மறைத்தோம்? முன்பின் தெரியாதவர்களிடமிருந்து. அவர்களுக்குத் தெரிந்தாலும் அந்தப் பிள்ளையை நாளை தெருவில் பார்க்கப்போவதில்லை. பார்க்கப்போகிறவர்கள் கண்ணாடியை ஒட்டி நிற்கிற தெருக்காரர்கள். அவர்களுக்குச் சீருடையே போதும்.

மென்பொருளின் மறைப்பும் அவ்வளவு கெட்டியானதல்ல. குழந்தைகளைச் சீரழித்த ஒருவன் தன் முகத்தைச் சுழல்போலத் திருகிப் படங்களை இணையத்தில் போட்டிருந்தான். ஜெர்மன் காவல்துறை அதைத் திருப்பிச் சுழற்றி முகத்தை மீட்டது. 2007இல் இண்டர்போல் அதை வெளியிட, அவன் தாய்லாந்தில் பிடிபட்டான். நல்லதுதான். ஆனால் கணக்குக்குக் குற்றவாளி யார், குழந்தை யார் என்று தெரியாது. லேசான ப்ளரும் இருந்ததை அழிப்பதில்லை. பக்கத்துப் புள்ளிகளோடு கலந்துவைக்கிறது, அவ்வளவே.

கறுப்புக் கட்டம் போட்டால் ஆளே இல்லாமல் போகிறதே, மங்கலில் மனிதச் சாயலாவது மிஞ்சுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சாயல்தான் நம்மை இரங்க வைக்கிறது. ஆனால் நம் இரக்கத்துக்கான விலையை அந்தப் பிள்ளை கொடுக்கக் கூடாது.

ஆகவே, எவ்வளவு மங்கலாக்கணும் என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் படத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். அவருக்கு அடையாளம் தெரிந்துவிடும் என்றால், படமே வேண்டாம். எழுத்து போதும்.