தெளிந்த தண்ணீர்

அழுக்கு என்றால் கண்ணுக்குத் தெரிவது என்றே நாம் பழகியிருக்கிறோம். கலங்கிய தண்ணீரைத் தேற்றாங்கொட்டை உரசிய குடத்தில் ஊற்றி வைக்கிறோம். மண் அடியில் தங்கியதும் நிம்மதியாகக் குடிக்கிறோம். மண்ணைப் பொறுத்தவரை இது சரிதான். மண் பாவம், கள்ளங்கபடம் அறியாதது. தான் இருப்பதை ஒளிப்பதில்லை. உப்பு அப்படியல்ல.

ஜோலார்பேட்டையிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக ரயிலில் போகிறவர்களுக்குத் தோல் ஷாப்புகளின் வாடையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவி அனுப்புகிறார்கள். ஷாப்பில் அந்த உப்பைக் கழுவிக் களைவதுதான் முதல் வேலை. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறித்தது. கழிவைத் தொட்டியில் தேக்கினால் ரோமமும் சதையும் சுண்ணாம்பும் படியும், மேலே தெளியும். உப்பு மட்டும் படியவே படியாது. நிலக்கரிச் சுரங்கத்துக் குட்டைகளிலும் இதே கதைதான்: தூள் அடியில் உட்காரும், கந்தகத்தால் வந்த உப்புகள் நீரோடு நிற்கும்.

அதனால்தான் சட்டத்தில் இரண்டு அளவுகள். லிட்டருக்கு, கரையாமல் மிதப்பது 100 மில்லிகிராமுக்குள், கரைந்திருப்பது 2,100-க்குள். முன்னதற்குத் தொட்டியும் பொறுமையும் பெரும்பாலும் போதும். பின்னதற்கு நீரைச் சவ்வில் அழுத்திப் பிழியவேண்டும், அல்லது வெயிலில் வற்றவிடவேண்டும். செலவு பிடித்த வேலை.

"பாருங்கள், தெளிவாகத்தானே விடுகிறோம்!" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யா? கண்ணுக்கு அது உண்மை. ஆனால் மூட்டைக் கணக்கில் வந்த உப்பு எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கண்ணைச் சாட்சிக்கு அழைப்பதைப் பொய்யைவிட மோசம் என்றே நான் நினைக்கிறேன். பொய்யனுக்காவது பிடிபடுவோம் என்ற பயம் உண்டு. இதில் என் காலிலுள்ள செருப்புக்கும் பங்கு உண்டு. அந்தக் கூலியில் அடுப்பெரிக்கும் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. இருந்தாலும் கிணற்றுக்காரனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவன் தண்ணீரும் தெளிவுதான், தென்னைதான் கருகுகிறது.

2019 ஜூலையில் சென்னை வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் போயிற்று. மாநகரம் கேட்டால் ரயில் வரும். 1991-ல் கேட்ட கிணற்றுக்காரர்களுக்காக, நஷ்டஈட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.