பரிந்துரையும் கட்டளையும்

சமாதானம் நீதியினும் உயர்ந்ததா? இவ்வினாவுக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் தயங்காமல் 'ஆம்' என்றே விடை பகர்வர். பிணங்கி நின்ற கணவனையும் மனைவியையும் சேர்த்து அனுப்பிவிட்டால், ஒரு நற்கருமம் முடிந்ததென மனநிறைவு கொள்வர். அவர்தம் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், அனுப்பப்பட்டவள் எத்தகைய வீட்டுக்குத் திரும்பினாள் என்பதையும் ஒருவர் கேட்டாக வேண்டுமன்றோ?

மதீனத்துத் தெருக்களில் முகீஸ் என்பார், தாடி நனைய அழுதவண்ணம் பரீராவின் பின்னே திரிந்த வரலாற்றை புகாரி ஷரீபில் காண்கிறோம். அடிமைத்தளை நீங்கிய பரீராவுக்கு மணவாழ்வைத் தொடரவோ முறிக்கவோ உரிமை கிட்டியிருந்தது, அவர் முறித்துக்கொண்டார். முகீஸின் நிலை கண்டு இரங்கிய பெருமானார் (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பலாகாதா எனக் கேட்டார்கள். இது தங்கள் கட்டளையா என்று பரீரா வினவினார். பரிந்துரை மட்டுமே என்று விடை வந்தது. அவ்வாறாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா கூறிவிட்டார். மதீனா முழுவதும் எவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்ததோ, அந்த நாயகமே ஒரு பெண்ணின் மறுப்பைச் சினமின்றி ஏற்றார்கள். அப்படியிருக்க, நம் ஜமாஅத்துகளின் பரிந்துரை எப்போது கட்டளையாக மாறியது?

பிளவு நேருமென அஞ்சினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு திருமறையின் நான்காம் அத்தியாயம் வழிகாட்டுகிறது. எனவே ஜமாஅத்தின் சமரசப் பணி போற்றுதற்குரியதே. ஆனால் அதற்கோர் எல்லை உண்டு. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரத்தை அளிக்கவில்லை. தலைமைக் காஜி தரும் தலாக் சான்றிதழ் ஓர் அபிப்பிராயமே என 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணையில் கூறியது. ஷரீஅத் கவுன்சில் தனியார் அமைப்பேயன்றி நீதிமன்றமன்று என 2024இல் மதுரைக் கிளையும் தெளிவுறுத்தியது. பரீரா கேட்ட கேள்விக்கு இந்நாட்டுச் சட்டமும் அதே விடையைத்தான் தந்திருக்கிறது.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எனக் கடலோரம் வாழும் பெண்ணொருத்திக்குப் பள்ளிவாசல் கூப்பிடு தொலைவில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரான செங்கற்பட்டோ நெடுந்தொலைவில் இருக்கிறது. ஆனால் அவளைத் தடுப்பது அத்தொலைவு மட்டுமன்று. நீதிமன்றப் படி ஏறுவது மார்க்கத்துக்கு மாறு என்ற அச்சம் அதனினும் பெரிது.

அவ்வச்சம் ஆதாரமற்றது. கணவன் கைவிட்டும் விடுதலை பெற வழியின்றித் தவித்த பெண்களுக்காக, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் 1930களில் மாலிக்கீ மத்ஹபின் தீர்வுகளை எடுத்தாண்டு ஒரு நூல் யாத்தார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்துக்கு அது வழிகோலியது. கணவன் நான்கு ஆண்டுகள் காணாமற் போனாலும், இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராவிடினும், கொடுமை புரிந்தாலும் மனைவி நீதிமன்றம் வாயிலாக மணவிலக்குப் பெறலாம். உலமாக்களின் கவலையிலிருந்து கிளைத்த சட்டத்தை நாடுவது எவ்வாறு மார்க்கத்துக்கு முரணாகும்?

அடி உதைக்கு ஆளாகும் பெண்ணிடம் 'சப்ரு செய்' என்று மட்டும் கூறுவது, பொறுமை என்னும் உயர்பண்பையே இழிவுபடுத்துவதாகும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமயப் பெண்களுக்கும் உரியது. பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரிலோ மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். கணவன் நெருங்கலாகாது என்ற காப்பு ஆணை, வீட்டைவிட்டு வெளியேற்றப்படாமல் வசிக்கும் உரிமை, செலவுத் தொகை, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியன அங்கே கிடைக்கும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பெறப் பெண்ணுக்கு வருமான வரம்பு இல்லை. 181 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

ஒரே மூச்சில் மும்முறை சொல்லும் தலாக் செல்லாதென 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் அது மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. குடும்ப விவகாரத்தில் சிறை எதற்கு எனக் கேட்போர் கூற்றிலும் நியாயமுண்டு. ஆனால் அச்சட்டம் வரும்வரை நாமே அவ்வழக்கத்தை ஒழிக்காதிருந்தது ஏன் என்ற கேள்விக்கும் நாம் விடைகூறியாக வேண்டும்.

இனி, பிள்ளைகள். மணமுறிவில் பேசத் தெரியாத கட்சிக்காரர்கள் இவர்களே. ஹனஃபி மத்ஹபில் மகன் ஏழு வயது வரையும் மகள் பருவமெய்தும் வரையும் தாயின் வளர்ப்புக்குரியோர். ஷாஃபி மத்ஹபில் பகுத்துணரும் வயது வந்தால் பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் குழந்தையின் நலனைக் கருதச் சொல்கிறது. அறிந்து சொல்லும் வயதிருப்பின் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. தாய் மறுமணம் செய்துவிடுவாள் என்று பயமுறுத்துவதும், தகப்பன் முகத்தைக் காணவிடாமல் மறைப்பதும் இவ்விரு நெறிகளுக்கும் ஒவ்வாதவை. பிள்ளை அமானிதம், வென்றவர் கொண்டுசெல்லும் பரிசன்று.

ஆகவே, ஜமாஅத் தன் பணியைக் கைவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. பரிந்துரைக்கட்டும், ஆனால் பெண்ணின் சொல்லை அவள் வாயாலேயே கேட்டபின் பரிந்துரைக்கட்டும். அவள் மறுத்தால், செங்கற்பட்டுக்குச் செல்லும் வழியை மறிக்காமல் துணைக்கு ஓர் ஆளை அனுப்பட்டும். அநீதியின்மேல் விரித்த பாய்க்குச் சமாதானம் என்று பெயரில்லை. நீதி முன்னே நடந்தால், சமாதானம் அதன் பின்னே தானாக வரும்.