நனைந்த அரிசி

நெடுங்காட்டில் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயின் எல்போ ஒன்று வெகு நாட்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பழந்துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். உறவினர் நிக்காஹ் ஒன்றுக்காக நாகூர் சென்று இரண்டு நாள் தங்கித் திரும்பியபோது அது முற்றிலும் விட்டுப் போயிருந்தது. மேல்தொட்டித் தண்ணீர் முழுவதும் சமையலறைக்குள் இறங்கியிருந்தது. வெளிச்செல்லும் துவாரத்தைச் சருகும் சாதப் பருக்கையும் அடைத்துக்கொண்டதால் கணுக்கால் அளவுக்குத் தேங்கியும் நின்றது.

மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே உள்ளே கால் வைத்தோம். பிளைவுட் அலமாரி அடிப்பக்கம் உப்பிப் பிளந்திருந்தது. மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் கட்டியாகிவிட்டன. பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களுக்குக் கேடில்லை. சுவருக்கு உடனே வெள்ளையடிக்க நினைத்தேன். கொத்தனார் தடுத்தார். ஈரம் உள்ளிருக்கும்போது பூசினால் உவர் பூத்து உதிர்ந்துவிடும், சில வாரம் காற்றாட விடுங்கள் என்றார்.

பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது, "எல்லாம் நஜீஸாகிவிட்டதா?" என்பதுதான். நம் இல்லங்களில் அழுக்கையும் நஜீஸையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். குழாய்த் தண்ணீர் சுத்தமானது. அதில் சாதப் பருக்கையும் கரியும் கலந்தால் அது அழுக்குத் தண்ணீரே தவிர நஜீஸ் அல்ல. கழிவறைத் தண்ணீரோ அதுபோன்ற அசுத்தமோ கலந்தால்தான் அந்தக் கேள்வியே எழும். அப்போதும், இரு குல்லத் அளவு, அதாவது ஏறக்குறைய 200 லிட்டருக்குக் குறையாத தண்ணீரில் நிறம், சுவை, வாடை ஆகியவற்றில் ஒன்றேனும் மாறினாலன்றி அது நஜீஸாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஆகவே அந்தக் கவலை எளிதில் தீர்ந்தது. தீராதது அரிசி மூட்டை.

புழுங்கலரிசி, பாதி மூட்டை இருந்தது. மேற்பகுதி காய்ந்திருந்தது. அடிப்பகுதி ஊறிப் புளித்த வாடை வீசியது. பாத்திரம் துலக்க வரும் பெண்மணி அங்கேயே நின்று தண்ணீரை வாரிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் நனைந்துவிட்டது, காய வைத்தால் சரியாகிவிடும், எடுத்துப் போங்கள்" என்றேன். ஒரு பொருள் வீணாகாமல் ஏழைக்குப் போய்ச் சேர்ந்ததே என்று மனம் நிறைந்தும் இருந்தேன். அன்றிரவு உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "அதை நாம உலையில போட்டிருப்போமா?"

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதற்குள் கையை விட, விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ். நெல் விளையும் இந்த வட்டாரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மழைக்காலத்தில் அந்தக் கணக்கைச் சமாளிக்க, காய்ந்த நெல்லை மூட்டையின் வாய்ப்புறம் போட்டுக் கட்டும் ஆசை யாருக்கும் வரக்கூடியதே.

ஆனால் நான் விற்கவில்லையே, கொடுத்தேன், கொடுப்பதில் என்ன ஏமாற்று? இந்தச் சமாதானம்தான் என்னை நெடுநேரம் தூங்கவிடவில்லை. வாங்குபவர் சரக்கைப் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். நம் வீட்டில் வேலை செய்பவர், நாம் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? ஆகவே ஸதகாவில் மறைக்கப்படும் குறை வியாபாரத்தில் மறைக்கப்படுவதைவிடக் கடுமையானது என்றே எனக்குப் படுகிறது.

மதீனாவில் அன்ஸாரிகள் பேரீச்சங்குலைகளைப் பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். ஏழை முஹாஜிர்கள் பசித்தபோது உதிர்த்து உண்பார்கள். சிலர் மட்டமான குலைகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அல்பகராவின் 267ஆம் வசனம் இதைக் குறித்தே இறங்கியது என்று திர்மிதீ அறிவிக்கிறது. நீங்களே கண்ணை மூடிக்கொண்டல்லாது வாங்க மாட்டாத மட்டமானதைத் தேடிக் கொடுக்க வேண்டாம் என்பது அதன் கருத்து.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை காரைக்காலையும் நாகப்பட்டினத்தையும் அழித்தபோது எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்தன. கடலோர மக்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். நாகை வீதியோரங்களில் அவை மழையில் ஊறிக் குப்பையாகக் கிடந்தன. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். வீட்டைக் காலி செய்தவர்களும் அவர்களிடையே உண்டு.

அப்படியானால் கொட்டிவிடுவதா, அது வீண் விரயமல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுத்தத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறிய அரிசியை ஆட்டித் தோசை வார்த்து நாமே சாப்பிடலாம். அதில் அண்டை வீட்டாருக்கும் பங்கு கொடுக்கலாம். புளித்து, பூஞ்சை கண்டதை மனிதருக்குக் கொடுக்க வழியே இல்லை. பூஞ்சை பிடித்த தானியத்தில் உண்டாகக்கூடிய அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு சமைத்தாலும் முழுதாக அழியாது. அது கோழிக்கும் கேடு. எருக்குழியில் போடுவதே வழி. அந்த இழப்பு, குழாயைப் பழுது பார்க்காத என்னுடையது. அதை நான் ஸதகா என்று பெயரிட்டு இன்னொருவர் வீட்டு அடுப்பில் ஏற்றப் பார்த்தேன்.

மறுநாள் புது மூட்டையிலிருந்து அரிசி கட்டிக்கொண்டு அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனேன். நேற்றைய அரிசி கெட்டுப்போனது என்பது தெரிந்தேதான் கொடுத்தேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"கழுவிக் காயப்போட்டுப் பார்த்தேன் பாய், நாத்தம் போகல. வாய்க்கால்ல கொட்டிட்டேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல" என்றார்.

பிறகு பையை வாங்கித் திண்ணையில் வைத்து, வாயைப் பிரித்து, கையை அடிவரை விட்டுப் பார்த்தார்.